சின்ன வசதி பாரமல்ல!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! தறியைச் சற்று நிறுத்திவிட்டு வந்திருக்கும் பொதட்டூர்பேட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே!

கம்ப்யூட்டர் மொழியிலே சின்னச் சின்ன வசதிகளைச் சேர்ப்பது பயனா, பாரமா? 'பயனே' என்று பேச வந்திருக்கிறேன். எடுத்துக்கொண்ட மொழி பைத்தான். பேரைக் கேட்டதும் ஒரு பாட்டி, "மலைப்பாம்பாப்பா?" என்றார். பயப்படாதீங்கம்மா! 1991-ல் வெளிவந்த அந்த மொழிக்கு, பிரிட்டனின் ஒரு டி.வி. நகைச்சுவை நிகழ்ச்சியை நினைத்துத்தான் பேர் வைத்தார்கள். (சிரிப்பு)

ஐயா, கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்ல விலாசம் வேண்டும். மாவட்டம், ஊர், தெரு, கதவு எண் என்று நாம் எழுதுகிற மாதிரி. நடுவிலே நாம் கமா போடுகிறோம். அது சாய்கோடு போடும். யூனிக்ஸில் கோடு இப்படிச் சாயும். 1983-ல் டாஸ் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டர்கள் வந்தபோது, அந்தக் கோட்டுக்கு ஏற்கெனவே வேறு வேலை கொடுத்திருந்தார்கள். அதனால் இங்கே கோடு அப்படிச் சாய்ந்தது. விண்டோஸிலும் அதே கதைதான். மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம்! (கைதட்டல்)

ஒரு பிள்ளை 'நியூ' என்று ஃபோல்டருக்குப் பேர் வைக்கிறாள். விண்டோஸ் கோட்டுக்குப் பின்னால் சின்ன 'என்' எழுத்து வந்தால், பைத்தானுக்கு 'அடுத்த வரிக்குப் போ' என்று அர்த்தம். விலாசம் பாதியிலே அறுந்துபோகிறது. "ஃபோல்டர் கண்ணு முன்னாடி இருக்கு, இல்லேங்குதேம்மா!" என்று தவிக்கிறாள். இதுக்குத்தான் வசதி வேணும்ங்கறோம். 2014-ல் பைத்தான் 3.4-லே 'பாத்லிப்' வந்தது. "துண்டு துண்டாகக் கொடு தாயே, கோடு போட்டு ஒட்டுவது என் பாடு" என்றது.

எதிரணித் தலைவர் கேட்டார்: "ஒட்டித் தருகிற கட்டளை முன்பே இருந்ததே?" இருந்தது ஐயா. ஒட்ட ஒரு கடை, தேட ஒரு கடை, படிக்க ஒரு கடை என்று அலையவிட்டார்கள். இது எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தது.

"2015-ல், திற, படி, மூடு என்ற மூன்று வேலைக்கு ஒரே கட்டளை கொடுத்தார்களே, அது சோம்பேறித்தனம்தானே?" என்றும் கேட்டார். அந்த மூன்றிலே மனுஷன் மறப்பது எது? மூடுவதை! நம் வீட்டிலே ஃபிரிட்ஜ் கதவை யார் மூடுகிறார்கள்? (சிரிப்பு) மறக்கிற வேலையைத் தானே செய்து கொடுப்பது சோம்பேறித்தனமல்ல, பாதுகாப்பு!

சேர்த்ததை எளிதில் எடுக்க முடியாது, கட்டிக் காக்க வேண்டும் என்ற வாதம் நியாயமானதே. 2006-ல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஒரு யோசனை வந்தது, ஏற்கவில்லை. சரியான முடிவு! கேட்டதையெல்லாம் சேர்க்கச் சொல்லவில்லை. தினமும் தடுக்கி விழுகிற இடத்திலே ஒரு படி கட்டச் சொல்கிறோம்.

நெசவாளர் ஊரிலே இதை விளக்க வேண்டுமா? 1733-ல் இங்கிலாந்தில் ஜான் கே, தறியிலே கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும்படி செய்தார். அகலத் துணிக்கு இரண்டு பேர் உட்கார்ந்த தறியிலே ஒருவர் போதும் என்றானது. சேர்த்தது சின்னது, மாறியது தொழில்!

இந்த ஊர்ப் பிள்ளை முதல் பாடத்திலேயே ஒரு சாய்கோட்டில் தடுக்கி, 'எனக்குக் கம்ப்யூட்டர் வராது' என்று எழுந்து போய்விடக் கூடாது. அவளைத் தடுத்து உட்கார வைக்கிற வசதி, எவ்வளவு சின்னதானாலும் பயனே, பயனே என்று கூறி விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)