வரி கொடுப்போம், கணக்கும் கேட்போம்



இந்தக் கலிஃபோர்னியாவில் தேர்தல் வந்தால் வாக்குச்சீட்டு நீண்டுகொண்டே போகும். அதன் கடைசிப் பகுதியில், பல ஊர்களில் ஒரு கேள்வி இருக்கும்: போலீஸ், தீயணைப்பு, 911 அவசர அழைப்புச் சேவைகளுக்காக விற்பனை வரியை அரை சென்ட் கூட்டலாமா? அதுவரை வருவதற்குள் நம்மில் பலர் களைத்துவிடுகிறோம், நிரப்பாமலே அனுப்பிவிடுகிறோம். அந்தக் கேள்விக்காகத்தான் இன்று நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

அரை சென்ட் என்றால் நூறு டாலருக்கு ஐம்பது சென்ட். நாம் வாங்கும் அரிசிக்கும் பருப்புக்கும் இங்கே விற்பனை வரி கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துக்கும் கிடையாது. குக்கருக்கு உண்டு. பிள்ளையின் ஷூவுக்கு உண்டு. பத்தாயிரம் டாலருக்குப் பழைய கார் வாங்கினால், இந்த அரை சென்டே ஐம்பது டாலர் ஆகிவிடும். நல்ல சம்பளக்காரர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். அந்தக் காரை ஓட்டித்தான் குடும்பம் நடத்த வேண்டும் என்பவருக்கு அது பெரிய தொகை. வருமானம் குறையக் குறைய இந்த வரியின் பாரம் கூடும். இதை மறைத்துவிட்டு உங்களிடம் ஆதரவு கேட்க எனக்கு மனமில்லை.

பிறகு ஏன் ஊர்கள் இந்த வரியையே நாடுகின்றன? 1978இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, பொதுவான சொத்து வரியை ஒரு விழுக்காட்டோடு நிறுத்திவிட்டது. வீடு கைமாறாதவரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. வீட்டுக்காரர்கள் பிழைத்தார்கள், நகராட்சிகளின் கை கட்டப்பட்டது.

அடுத்து 1993. மாநில அரசுக்குப் பெரும் பற்றாக்குறை. உள்ளாட்சிகளுக்குச் சேர வேண்டிய சொத்து வரியில் சுமார் 260 கோடி டாலரைப் பள்ளிகளின் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதை ஓரளவு ஈடுகட்டத்தான் 172ஆம் முன்மொழிவு வந்தது: பொதுப் பாதுகாப்புக்கென்றே அரை சென்ட் விற்பனை வரி. வாக்களிப்பு நாள் நவம்பர் 2. அதற்கு முந்தைய வாரம் லகூனா பீச்சில் நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்திருந்தன. வாக்களிப்பு நாளன்றே டோபாங்கா மலையில் தீப்பிடித்து மாலிபு வரை இறங்கியது. அந்தப் புகைக்கு நடுவே மக்கள் வரிக்குச் சம்மதம் சொன்னார்கள்.

பணம் யாருக்குப் போனது? மிகப் பெரும்பங்கு கவுண்டிகளுக்குப் போனது. ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், சிறை, தீயணைப்பு, கடற்கரை உயிர்காப்பாளர் என எல்லாமே சட்டப்படி 'பொதுப் பாதுகாப்பு'தான். தனியாக இயங்கும் தீயணைப்பு மாவட்டங்களுக்கு நேரடிப் பங்கு ஒதுக்கப்படவில்லை. தீயை நினைத்து வாக்களித்தவர்கள், பங்கீட்டைப் படித்துப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு ஊரைப் பாருங்கள். ஸ்டாக்டன், ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வாழும் நகரம். 2012 ஜூனில் திவால் மனு போட்டது. அதற்கு முன்பே போலீஸ் படையில் கால்வாசியை இழந்திருந்தது. அந்த ஒரே ஆண்டில் அங்கே 71 கொலைகள். எழுபத்தொரு குடும்பங்கள், தோழர்களே! 2013 நவம்பரில் அந்த மக்கள் முக்கால் சென்ட் வரிக்கு ஒப்புக்கொண்டார்கள். 2015இல் நகரம் திவாலிலிருந்து வெளியே வந்தது.

அங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சிட்டி கவுன்சில் கொண்டுவரும் வரியை 'இந்த வேலைக்கு மட்டும்' என்று சட்டத்தால் கட்டிவைத்தால், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பொது வரி என்று சொல்லிவிட்டால் பாதிக்கு மேல் ஒரு வாக்குப் போதும். ஸ்டாக்டன் இரண்டாவது வழியில் போனது. போலீஸுக்கு 65 விழுக்காடு என்பதைத் தனியொரு அறிவுரை வாக்கெடுப்பில் கேட்டது. அறிவுரை யாரையும் கட்டுப்படுத்தாது. இன்றும் பல ஊர்கள் இதே வழியில்தான் போகின்றன. விளம்பரத்தில் தீயணைப்பு வண்டி இருக்கும். சட்ட வாசகத்தில் 'பொது நிதி' என்று இருக்கும்.

வரியைப் பெயர் சொல்லிக் கட்டிவைத்தாலும் கவலை தீராது. புது வரி முன்வாசலில் வரும்போதே, போலீஸுக்குப் பழைய பட்ஜெட்டில் கொடுத்துவந்ததைப் பின்வாசல் வழியாக எடுத்துவிடலாம். வரி கூடும், ஆட்கள் கூடமாட்டார்கள். ஆகவே எந்த வரி முன்மொழிவு வந்தாலும் மூன்றைத் தேடுங்கள். பழைய ஒதுக்கீட்டைக் குறைக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா? ஆண்டுதோறும் தணிக்கை செய்து, குடிமக்கள் குழு முன் வைப்பார்களா? வரி எந்த ஆண்டு முடியும் என்று எழுதியிருக்கிறதா? மூன்றும் இருந்தால் தயங்காமல் 'ஆம்' என்று குறியுங்கள். 911க்கு அழைத்தால் ஆள் வர வேண்டும். அவருக்குச் சம்பளம் நாம்தான் கொடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும், அதைச் சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்று கவுன்சிலிடம் கேளுங்கள்.

"எங்களுக்கு ஏது ஓட்டு? நாங்கள் விசாவில் இருப்பவர்கள்" என்று சிலர் நினைக்கலாம். கடையில் பில் போடும்போது உங்கள் விசாவை யாராவது கேட்கிறார்களா? குடிமகன் கட்டும் அதே வரியைத்தானே நீங்களும் கட்டுகிறீர்கள்? உள்ளாட்சிக் கூட்டங்களுக்கான இந்த மாநிலத்தின் பிரௌன் சட்டப்படி, சிட்டி கவுன்சில் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. வாக்குச்சீட்டு இல்லாதவருக்கும் அங்கே மைக் உண்டு. பெரும்பாலான நகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை முதல் நாள் தொடங்குகிறது. மே, ஜூன் மாதங்களில் பட்ஜெட் கூட்டம் நடக்கும். போன வருடம் வரியில் எவ்வளவு வந்தது, எத்தனை பேரை வேலைக்கு எடுத்தீர்கள் என்று எழுந்து நின்று கேளுங்கள். கேட்பதற்கு ஐந்து பேர் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், கணக்கு எழுதுகிற கை கவனமாக எழுதும்.

வாக்குரிமை உள்ளவர்கள் கடைசிப் பக்கம் வரை படித்து வாக்களியுங்கள். இல்லாதவர்கள் கவுன்சில் அரங்குக்கு வாருங்கள். அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு இந்தச் சங்கத்திலிருந்து ஒரு குழு போக வேண்டும் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். அதில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.