வெள்ளி ரூபாயும் அப்புத்தளைக் கூலியும்



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கச் சொல்லி அழைப்பு வந்ததும் மகிழ்ந்தேன். மறுநாளே பயம் பிடித்துக்கொண்டது. என்னிடம் படித்து இன்று என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். எனக்குப் படிப்பித்தவர்களும் அதே வரிசையில்தான். எந்தப் பக்கம் பார்த்துப் பேசினாலும் வியர்க்கிறது, அப்புத்தளைக் குளிரிலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்காவிலும் மலையகத்திலும் அரசியல், சமத்துவமின்மை, கைத்தொழில் வளர்ச்சி: இதுதான் நமக்குத் தந்த பொருள். அமெரிக்கப் பக்கத்தில் கார்னகி, ரொக்பெல்லர், 1892 ஹோம்ஸ்டெட், 1894 புல்மன் வேலைநிறுத்தங்கள். நம் பக்கத்தில் 1869இல் மடுல்சீமையில் கண்ட கோப்பி இலைநோய், 1884இல் முறிந்த ஓரியன்டல் வங்கி, 1886இல் தனி மாகாணமான ஊவா. இதெல்லாம் உங்களுக்குப் பாடம். ஒப்பிட்டுப் பேசப் பிற்பகல் வரை கட்டுரைகள் இருக்கின்றன. அந்த வேலையை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். என்னிடம் ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

அப்புத்தளை வரலாறு என்றால் எல்லோரும் லிப்டனில் தொடங்குகிறார்கள். 1890இல் வந்தார், தம்பதென்ன தோட்டத்தை வாங்கினார், தொழிற்சாலை எழுப்பினார், உச்சியில் உட்கார்ந்து மலையைப் பார்த்தார். இளவயதில் அவர் வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல் தோட்டத்திலும், நியூயோர்க்கில் கடையிலும் வேலை பார்த்தவர் என்பதையும் சேர்த்துவிட்டால் இன்றைய தலைப்புக்கு வாய்ப்பாக அமைந்துவிடும். நாம், அதாவது எதிர்த்து எழுதியவர்கள், இதற்கு மறுமொழியாக, ஆள் திரட்டிய கங்காணியை நிறுத்தினோம்: முற்பணம், தலைக்காசு, துண்டு, தீராத கடன். அங்கே ஒரு நாயகன், இங்கே ஒரு வில்லன். இரண்டு கதையிலும் காசு வருகிறது. அந்தக் காசு எந்த உலோகம் என்பது மட்டும் வருவதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது மூத்த அறிஞர் ஒருவர், “வெள்ளிக்கும் கொழுந்துக்கும் என்ன தம்பி சம்பந்தம்?” என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. இன்று ஒலிவாங்கி என் கையில் இருப்பதால் பதில் சொல்கிறேன். பெரியவர் பொறுத்தருள வேண்டும்.

1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 2 ஷில்லிங் கிடைத்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிய, 1893 அளவில் அது 1 ஷில்லிங் 3 பென்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. லண்டன் மின்சிங் லேனில் தேயிலை விற்றது தங்கப் பவுணுக்கு. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் விழுந்தவருக்குக் கூலி வெள்ளி ரூபாயில். ஒரு சதமும் வெட்டாமலே துரையின் கூலிச் செலவு, பவுண் கணக்கில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. லண்டனில் தேயிலை விலையும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்படியும் தோட்டங்கள் பெருகியதற்கு லிப்டனின் விளம்பரத்தைவிட இந்தச் சரிவுதான் கூடுதல் காரணம் என்பது என் கட்சி. 1893இல் இந்திய அரசு வெள்ளி நாணயம் தாராளமாக அடிப்பதை நிறுத்தி இங்கும் புழங்கிய அந்த ரூபாயைத் தூக்கிப் பிடித்தபோது, தேயிலைத் துரைமாருக்கு அது கசந்ததில் வியப்பில்லை.

அதே 1893இல்தான் அமெரிக்காவில் நிதி நெருக்கடி வெடித்தது.  மூன்றாண்டு கழித்து அங்கே பிரையன் என்பவர் வெள்ளி நாணயத்தைத் தாராளமாக அடிக்கக் கோரி ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். மேற்கிலும் தெற்கிலும் கடன்பட்ட உழவர்கள் அவர் பின்னால் திரண்டார்கள். நாணயம் மலிந்தால் விளைச்சல் விலை ஏறும், கடன் இலகுவாகும் என்பது அவர்கள் கணக்கு. தோற்றார்கள். ஆனாலும் கேட்க அவர்களிடம் வாக்கு இருந்தது. நம் தொழிலாளியும் ரூபாயில் கடன்பட்டவர். இங்கே நாணயம் யாரும் கேட்காமலே மலிந்தது. அவர் கடன் ஏன் இலகுவாகவில்லை?

கூலி ஏறவில்லை, அதனால்தான். ஏற்றிக் கேட்க வேண்டுமானால் வேறு தோட்டத்துக்குப் போக முடிய வேண்டும். கடனைக் குறித்துப் பழைய துரை தரும் துண்டு இல்லாமல் புதிய துரை சேர்க்கமாட்டார். சொல்லாமல் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. 1889இல் சட்டநிரூபண சபையைத் திருத்தியபோதும் தோட்டத் துரைமாருக்கு ஆசனம் இருந்தது, தொழிலாளிக்கு இல்லை. ஆகவே கங்காணியின் பேராசையை மட்டும் எழுதிக்கொண்டிருப்பது போதாது. துண்டு கடனை வசூலிக்கும் கருவி மட்டுமல்ல. வெள்ளிச் சரிவின் இலாபம் கூலிப் பக்கம் கசியாமல் கட்டிய அணை அது. அந்த அணை 1921 வரை நின்றது.

பொருளியலாளர் எஸ்.பி.டி. டி சில்வாவின் 1982ஆம் ஆண்டு நூலை மதிக்கிறேன். மலிவான உழைப்பும் தோட்டங்களை நிர்வகித்த ஏஜென்சிக் கம்பெனிகளும் தோட்டத் தொழில்நுட்பத்தை வளரவிடவில்லை என்றார். அவர் வழிவந்த நண்பர்கள் ‘தேக்கம்’ என்ற சொல்லை மந்திரம் போல உச்சரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதில்தான் எனக்குச் சண்டை. தொழிற்சாலைக்குள் தேக்கம் இல்லையே! ஜாக்சனின் உருட்டும் யந்திரமும் டேவிட்சனின் சிரோக்கோ உலர்த்தியும் அங்கே கையை வெளியேற்றின. மலையில் மட்டும் கையும் கூடையும் தொடர்ந்தன. யந்திரம் பவுணில் வருவது; ரூபாய் சரியச் சரிய அதன் விலை ஏறும். கொழுந்தெடுக்கும் பெண்ணின் கை வெள்ளியில் கிடைப்பது. பவுணில் பார்த்தால் அது மலிந்துகொண்டே போகும். தவிர்க்க முடியாத இடத்தில் யந்திரம், மற்ற இடமெல்லாம் பெண். டி சில்வாவின் வாதத்தை இந்தக் கணக்கு பலப்படுத்தவே செய்கிறது.

இதைப் பழங்கதை என்று தள்ளவேண்டாம். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாய் என்று விதிக்கப்பட்டது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது தேயிலை டொலரில் கப்பலேறியது. கூலி அதே 1,000 ரூபாயில் நின்றது.

ஒரு முக்கியமான கேள்வி பாக்கி. வெள்ளி சரிந்த அந்தக் காலத்தில், தொழிலாளி தோட்டத்தில் வாங்கிய அரிசிக்குப் பிடித்தம் எவ்வளவு ஏறியது? விடை தேடி நாம் திரும்பத் திரும்பப் புரட்டுவது துரைமார் சங்க அறிக்கைகளையும் பெர்குசன் டிரெக்டரிகளையும். அவை அச்சில், ஆங்கிலத்தில் இருக்கின்றன, வசதி. பேர், அரைப்பேர், அரிசிப் பிடித்தம், முற்பணம் எல்லாம் ஆளுக்கு ஆள் பதிவானது செக்ரோல் என்ற தோட்டக் கூலிப் பதிவேட்டில். பெண்களின் பெயர் மாதாமாதம் வருகிற ஏடு அதைத் தவிர வேறு எது? 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் கம்பெனிகளிடம் போனபோதும் அலுவலகங்கள் கைமாறின. மிஞ்சிய ஏடுகள் பரணில் கிடக்கின்றன. சில பழைய பேப்பர்க் கடைக்குப் போனதை நானே பார்த்தேன்.

இந்த அவையில் தோட்ட உத்தியோகத்தர்களும், அவர்களின் பிள்ளைகளான மாணவர்களும் இருக்கிறீர்கள். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் தோட்ட அலுவலகத்தில் எந்த ஆண்டுச் செக்ரோல் மிச்சம் இருக்கிறது என்று விசாரியுங்கள். படமெடுக்க அனுமதி வாங்குங்கள். பட்டியலை இந்தக் கருத்தரங்கின் செயலாளரிடம் கொடுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.