கடைமடையிலிருந்து காணும் கொடுமுடி



கொடுமுடிக்கு வெளியூரார் வருவது பெரும்பாலும் கோயிலுக்காகவே. ஈரோட்டிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் புகைவண்டியில் வந்து இறங்குவார்கள், காவேரியில் முழுகுவார்கள், மகுடேசுவரரையும், வீரநாராயணப் பெருமாளையும், வன்னி மரத்தடியில் எழுந்தருளியிருக்கும் பிரமதேவரையும் தரிசித்து, மாலை வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரே மதிலுக்குள் மும்மூர்த்திகளையும் சேவிப்பது எளிதில் கிட்டாத பாக்கியம். சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய ஸ்தலம் இது. தேவாரத்தில் இதன் பெயர் பாண்டிக்கொடுமுடி. ஆதிசேஷனும் வாயுவும் தம்முள் பலம் பார்த்தபோது மேருவின் சிகரம் சிதறி, அதில் வைரத்துண்டு விழுந்த இடம் இது என்று ஸ்தல புராணம் கூறும். பிற்காலத்துப் புகழ் வேண்டுவோர்க்கு, 1908-ல் இவ்வூரில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் பெயர் ஒன்றே போதும். 1953-ல் வெளிவந்த ஔவையார் படத்தின் மூலம் அவர் குரல் தமிழ்நாட்டுப் பட்டிதொட்டியெல்லாம் எட்டியது.

இவையெல்லாம் வந்து போவோர் அறிந்து செல்லும் செய்திகள். ஊரிலேயே பிறந்து வளர்ந்தவரோ, தினந்தோறும் கண்ணிற் படுகிற காரணத்தாலேயே சில பொருள்களைப் பாராதவராகி விடுகிறார். வயலுக்குப் போகும் வழியில் நாளைக்கு நான்கு முறை தாண்டுகிற காலிங்கராயன் வாய்க்கால் அத்தகையது. அது ஏன் நேராக ஓடவில்லை என்று வெளியூர்ப் பிள்ளை ஒருவன் கேட்டால், உடனே விடை சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

ஈரோட்டிலிருந்து கொடுமுடி சுமார் 40 கிலோமீட்டர். பவானியிலிருந்து கணக்கிட்டாலும் அறுபதைத் தாண்டாது. ஆனால் பவானியில், ஆறு காவேரியோடு கூடுவதற்குச் சற்று மேலே அணையிற் பிரிகின்ற இவ்வாய்க்கால், கொடுமுடியை அடுத்த ஆவுடையாபாறைப் பக்கம் வந்து சேர்வதற்குள் சுமார் 56 மைல், அதாவது 90 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. வளைந்து, திரும்பி, வந்த திக்கையே மறந்ததுபோல் ஓரிடத்தில் ஒதுங்கி, மறுபடியும் தெற்கு நோக்கும். காலிங்கராயன் வழி தெரியாது திகைத்தபோது ஒரு பாம்பு முன்னே ஊர்ந்து சென்றதாகவும், அதன் தடத்திலேயே வாய்க்கால் வெட்டப்பட்டதாகவும் பெரியவர்கள் சொல்வார்கள். கதையைக் கேட்டுச் சிரிப்பவர்கள், கரையோடு ஒரு காத தூரம் நடந்து பார்ப்பது நல்லது.

தண்ணீருக்கு மேடேறத் தெரியாது. நேராக வெட்டினால், குறுக்கே வரும் மேட்டைக் குடைந்து ஆழத்தில் ஓடவேண்டும். அப்போது பக்கத்து வயல் வாய்க்காலுக்கு மேலே நின்றுவிடும், ஒரு மடையும் பாயாது. பள்ளத்தை நோக்கி விட்டாலோ வேகம் மிகுந்து கரையை அரித்துக்கொண்டு சீக்கிரத்தில் காவேரியில் விழுந்துவிடும். ஆகையால் மேட்டின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, உயரத்தைச் சிறுகச் சிறுகச் செலவு செய்து வரவேண்டும். ஒரு முழம் உயரத்தை முன்னே வீணாக்கினால், பின்னே எத்தனையோ ஏக்கருக்குப் பாசனம் இல்லை. தளமட்டம் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில், வாய்க்காலுக்கும் காவேரிக்கும் இடைப்பட்ட 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட பூமியும் பாயும்படி இந்தச் சிக்கனத்தைச் செய்தவர்கள் நிலத்தின் சாய்வைக் கண்ணாலும் காலாலும் அளந்தவர்கள். பாம்பும் நிலத்தின் வாட்டம் பார்த்து ஊரும் பிராணிதான். கதை கட்டினவன் அதைக் கவனித்தே கட்டியிருக்கவேண்டும்.

வெட்டியவன் கொங்கு நாட்டை ஆண்ட வீரபாண்டியன் காலத்துத் தலைவன். ஈரோட்டுக்கு அருகிலுள்ள வெள்ளோடு அவன் ஊர் என்பர். (இன்று அவ்வூர் ஏரியில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது.) வேலை 1271-ல் தொடங்கி 1283-ல் முடிந்ததாகச் சொல்லுவது வழக்கம். பாம்புக் கதையைவிட நம் சங்கத்தார் நினைவில் வைக்கவேண்டிய கதை இன்னொன்று உண்டு. தன் குடும்பத்து நிலத்துக்கு நீர் பாய்ச்சிக்கொள்ளவே காலிங்கராயன் ஊரைக் கூட்டி வெட்டுகிறான் என்று சிலர் பழி கூறினார்களாம். அது கேட்டு அவன், தானும் தன் வழிவந்தோரும் இவ்வாய்க்கால் நீரைத் தொடுவதில்லையென்று சபதம் செய்து, பொள்ளாச்சிப் பக்கத்து ஊற்றுக்குழிக்குக் குடிபெயர்ந்துவிட்டான் என்பது கர்ண பரம்பரை. சாஸனத்தைக்கொண்டு இதை நிரூபிப்பது சரித்திரக்காரர் பாடு. ஆனால் இக்கதையை எழுநூறு வருஷமாக விடாமல் சொல்லிவந்த ஜனங்கள், பொதுப்பொருளை நிர்வகிப்பவன்மீது எந்தச் சந்தேகம் முதலில் எழும் என்பதை நன்றாக அறிந்திருக்கிறார்கள். சங்கத்துக் காரியதரிசியாயிருந்து கணக்கு வாசித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

வாய்க்காலின் கீழ்க்கரையில் மஞ்சளும், கரும்பும், வாழையும். ஆனி மாதத்தையொட்டி நட்ட மஞ்சள் தையிலும் மாசியிலும் வெட்டப்பட்டு, வேகவைக்கப்பட்டு, களத்தில் காயும்போது அதன் மணம் காற்றோடு பரவும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேல்கரையில் ஏறிச் சிறிது தூரம் நடந்தால் முன்னாளில் முழுதும் மானாவாரி. சோளமும் கம்பும், கிளுவை வேலியிட்ட கொரங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமரமும், அங்கே மேயும் காங்கயம் மாடுகளும். கிணறு வெட்டியவர் கவலை பூட்டி இறைத்தார். 1955-ல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் வந்தபின் மேட்டுப் பூமிக்கும் தண்ணீர் கிடைத்தது. அதன் கசிவு மேட்டுக் கிணறுகளில் ஊறி, ஓடைகளில் இறங்கி, பழைய வாய்க்காலுக்கும் வந்து சேருகிறது. மேலே ஒருவர் வயலில் சிந்திய நீர் கீழே இன்னொருவருக்கு வரும்படியாகிறது. இதற்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை.

நீர் மட்டுமே இப்படி வருமானால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுமுடி கடைமடை ஊர். தலைமடையிலும் நடுமடையிலும் உள்ளோர் எதை விடுகிறார்களோ அது இங்கே வந்து நிற்கும். ஈரோட்டு நகரத்தை ஒட்டி வருகையில் சாயப்பட்டறைக் கழிவும், தோல் பதனிடும் இடங்களின் கழிவும், வீட்டுச் சாக்கடையும் வாய்க்காலில் கலக்கலாயின. கழிவைத் தனியே கடத்துவதற்காக வாய்க்காலின் ஓரமாகவே வேறொரு சிறு கால்வாய் வெட்டவேண்டி வந்தது. ஜனங்கள் அதற்குப் பேபி கால்வாய் என்று பெயரிட்டார்கள். எழுநூறு வருஷத்து வாய்க்காலின் அருகே நேற்றுப் பிறந்த குழந்தை. அது சுமப்பதோ அழுக்கு.

இதைவிடப் பெரிய பாடம் நொய்யலில் நடந்தது. காலிங்கராயனின் எஞ்சிய நீர் கடைசியில் நொய்யலில் விழுகிறது. பவானியாற்றையும் நொய்யலாற்றையும் இணைத்த முதல் வாய்க்கால் என்று இதைப் பலர் பெருமையாகக் கூறுவதும் இதனால்தான். வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து, கோயமுத்தூரையும் திருப்பூரையும் கடந்து வரும் நொய்யல், கொடுமுடிக்குச் சற்றுக் கீழே காவேரியோடு சேருகிறது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகிற்று. அதனால் பிழைத்த குடும்பங்கள் பல. கொங்கு நாட்டுக் கிராமங்களில் அங்கே வேலைக்குப் போகாத வீடு குறைவு. ஆனால் நூலில் சாயம் பிடிக்க உப்புச் சேர்க்கவேண்டும். அந்த உப்பு துணியோடு போவதில்லை. கழுவிய நீரோடு ஆற்றுக்குப் போகிறது. வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆகாது.

சென்னிமலைக்கருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992-ல் திறக்கப்பட்டது. சில வருஷங்களுக்குள் அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. சுற்றுப்புறக் கிணறுகள் உவர்த்தன. தென்னை காய்ப்பு குறைந்தது. மாடுகள் அந்தத் தண்ணீரில் வாய் வைக்க மறுத்தன. அணையைத் திறந்துவிட்டால் கீழே கரூர்ப் பக்கத்து விவசாயிக்கு நஷ்டம், மூடி வைத்தால் மேலே உள்ளவனுக்கு நஷ்டம் என்ற நிலை. தண்ணீர் வேண்டுமென்று அணை கேட்டவர்களே, தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று மனுப் போட நேர்ந்தது.

அப்போது கடைமடைக்காரர்கள் செய்தது கவனிக்கத்தக்கது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகக் கூடி, சென்னை உயர்நீதிமன்றம் சென்று வழக்காடினார்கள். 2006-ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பின்படி நடவாமையால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டின்மேல் பட்டறைகள் திறக்கப்பட்டன. மூடிய மாதங்களில் வேலையிழந்து துன்புற்றவர்களும் ஏழைகளே என்பதை மறக்கலாகாது. மண்ணிலும் கிணற்றிலும் ஏறிய உப்போ ஓர் உத்தரவினால் இறங்கிவிடவில்லை.

கோயமுத்தூர் ஜில்லாவுக்கும் கூட்டுறவுக்கும் உள்ள பழைய சம்பந்தத்தை இங்கே கூறுவது பொருந்தும். 1887-ல் வெளிவந்த கோயமுத்தூர் ஜில்லா மானுவலைத் தொகுத்தவர் நிக்கல்சன் துரை. கொடுமுடி அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. 1979-லேயே ஈரோடு தனி ஜில்லாவுக்குத் தலைநகராயிற்று. சென்னை சர்க்கார் அதே நிக்கல்சனைத்தான் ஐரோப்பாவுக்கு அனுப்பி, குடியானவர் கடன்படும் வகைகளையும் அவற்றுக்குப் பரிகாரத்தையும் ஆராயச் செய்தார்கள். ஜெர்மனியில் ரெய்பீஸன் ஏற்படுத்திய கிராமச் சங்கமே நம் நாட்டுக்குத் தக்கதென்று அவர் கண்டார். அவருடைய அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக வெளியாயிற்று. 1904-ல் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அந்நாளைய கிராமச் சங்கத்துக்கு உயிர்நாடி, வரையறையற்ற பொறுப்பு. ஒருவர் கடனைத் தீர்க்கத் தவறினால் அங்கத்தினர் அனைவரும் ஈடுகட்டவேண்டும். அதனாலேயே ஒருவர் வாங்கும் கடன் எதற்கு, எருது வாங்கவா, கலியாணத்துக்கா, என்று அண்டை வீட்டார் விசாரிக்க உரிமை இருந்தது. சங்கங்களில் அந்த ஏற்பாடு பிற்காலத்தில் மாறிவிட்டது. ஆற்றில் மாறவில்லை. தலைமடைக்காரர் படும் கடனைக் கடைமடைக்காரர் அடைக்கிறார். ஆனால் அது எதற்கென்று விசாரிக்கும் உரிமையை அவர் நீதிமன்றம் போய்த்தான் பெறவேண்டியிருந்தது.

காவேரிக்கு வருவோம். வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வரும் ஆறு கொடுமுடியில் கிழக்கே திரும்புகிறது. ஆற்றின் நடுவிலுள்ள பாறையை அகத்தியர் பாறை என்பர். காகமாய் வந்து கமண்டலத்தைக் கவிழ்த்த காவேரி கண்ட விநாயகரும் இங்கே உண்டு. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்கு மறுவருஷம் தொடங்கி 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. அதற்கு முன் ஆடியில் வெள்ளம் தானே வந்தது. பின்பு, ஜூன் 12-ஆந் தேதி அணை திறப்பார்களா என்று பத்திரிகையைப் பார்ப்பது வழக்கமாயிற்று. முன்னே பரிசற்காரர் நுரையின் நிறத்தைக்கொண்டும், மிதந்து வரும் சருகைக்கொண்டும் வெள்ளத்தை மதிப்பிட்டார்கள். அந்தப் படிப்பு இப்போது யாருக்கும் பயன்படாதென்றாலும், மறைந்தது நஷ்டமே.

கோயிலிலுள்ள வன்னியைப்பற்றி ஒரு வார்த்தை. இரண்டாயிரம் வருஷத்து மரம் என்றும், ஒரு பக்கத்துக் கிளையில் முள் உண்டு, மறுபக்கத்தில் இல்லை என்றும், பூப்பதோ காய்ப்பதோ இல்லையென்றும் ஊரார் சொல்லுவர். வயது எதுவாயினும், வன்னி வறட்சியில் வாழக் கற்ற மரம். வேர் மிக ஆழம் போகும். அவரை இனமாகையால் மண்ணுக்கு உரமூட்டும். தழையை ஆடு விரும்பித் தின்னும். இதற்கு நெருங்கிய உறவான சீமைக் கருவேலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காக அந்நிய நாட்டிலிருந்து கொண்டுவந்து விதைத்தார்கள். அது இப்போது புறம்போக்கிலும் ஏரியிலும் ஓடைக்கரையிலும் காடாய் மண்டிக் கிடக்கிறது. உள்ளூர் வன்னியைக் காணக் கோயிலுக்குப் போகவேண்டியிருக்கிறது. சங்கத்தார் வீட்டுக்கு ஒன்றாய் வன்னி நாற்று வேலியோரம் வைத்தால் செலவு அதிகம் ஆகாது, வளர்ச்சி மந்தம், நடுகிறவருக்கு நிழல் கிடைக்காமற் போகலாம், பேரப்பிள்ளைக்குக் கிடைக்கும்.

பங்குனி உத்திரத்தை ஒட்டிக் கொடுமுடித் துறையில் கூட்டம் கொள்ளாது. பழனியாண்டவருக்கு அபிஷேகம் செய்யக் காவேரித் தீர்த்தம் கொண்டு போவோர் கொங்கு நாட்டுக் கிராமங்களிலிருந்தெல்லாம் வந்து கூடுவார்கள். குடத்தில் நீர் முகந்து, வன்னியிலையை அதில் இட்டு, வாயைக் கட்டிக் காவடியில் ஏற்றுவார்கள். வன்னியிலை இட்ட தண்ணீர் கெடாது என்பது நம்பிக்கை; இலையின் குணத்தை ஆராய்வது மருத்துவர் வேலை. முகக்கிற அந்நீர் மேட்டூரிலிருந்து வந்தது. பவானியாறும் அதிற் கலந்திருக்கிறது. பள்ளிபாளையத்தையும் ஈரோட்டையும் தாண்டி வந்தது. துறையில் ஒரு கிழவர் குடத்தை ஆற்றில் அமிழ்த்துமுன் உள்ளங்கையில் சிறிது நீர் எடுத்து, மூக்கின் அருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். பிறகு இரண்டடி ஆழமாக உள்ளே இறங்கி முகக்கிறார். அவர் பின்னே நிற்பவர்களும் அப்படியே செய்கிறார்கள். பொழுது சாய்கிறது, காவடிகள் வெள்ளகோவில், தாராபுரம் வழியாகப் பழனிக்குப் புறப்படுகின்றன.