போதும் என்று சொல்லாத மூளை



கழுவிக் கழுவிக் கை தோலுரிந்த பெண்ணை நம் முந்தலில் ‘வஸ்வாஸ்காரி’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். வைத்தியத்தில் இது எண்ணச் சுழற்சி நோய். மூளையின் முன்பகுதியையும் ஆழப்பகுதியையும் இணைக்கும் சுற்று ஓயாமல் எச்சரிப்பதால், ‘போதும்’ என்ற நிறைவு வருவதில்லை.

பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனால், ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருத்திக்கு வந்தால் மற்றவளுக்கும் வந்தே தீருமென்றில்லை. ஆகவே தாயின் வளர்ப்பைப் பழிப்பதும், ‘குடும்ப நோய்’ என்று தங்கையின் கலியாணத்தைத் தடுப்பதும் அநியாயம்.

1992இல் அமெரிக்காவில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தனர். குளிசையால் தேறியவர்களிலும், கழுவாமல் பொறுத்திருப்பது போன்ற பயிற்சியால் தேறியவர்களிலும் அச்சுற்றின் ஒரே பகுதி தணிந்திருந்தது. உடலோடு வந்ததும் மாறும். ஒளித்து வைக்காமல், நம் பிள்ளைகளை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோம்.