ஐப்பசி மழைக்கு முன் ஒரு டிரம்
(ஜும்ஆ தொழுகைக்குப் பின் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



கோடை முழுக்கக் குடம் குடமாய்க் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கினோம். ஐப்பசியில் அல்லாஹ் இலவசமாக இறக்குகிற தண்ணீரையோ தெருவில் ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20 மி.மீ. பெய்தால் 1,000 லிட்டர். ஐந்து பெரிய டிரம் நிறையும்.

சென்ற ஆண்டு நாங்கள் செய்த தவறையும் சொல்லிவிடுகிறோம். மதரஸா வாசலில் ஒரு டிரம் வைத்தோம், மூடி போடவில்லை. பத்தே நாளில் கொசுப்புழு நெளிந்தது. சுகாதாரப் பணியாளர்கள் வந்து அத்தனையையும் கவிழ்த்துவிட்டார்கள். எங்களுக்கு வருத்தம்தான், ஆனால் அவர்கள் செய்ததே சரி. டெங்கு கொசு சாக்கடையைத் தேடாது. இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பிள்ளைகள் ஓதுகிற இடம் அது.

ஆகவே இம்முறை கவனமாகச் செய்வோம். 200 லிட்டர் நீல டிரம் பழையதாகவே கிடைக்கும். வாங்கும்போது உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். ஆசிட், பூச்சிமருந்து இருந்த டிரம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அடியிலிருந்து நாலு விரல் மேலே துளை போட்டுக் குழாயை வாஷர் வைத்து முறுக்குங்கள். வண்டல் அடியிலேயே தங்கிவிடும். மேல் விளிம்புக்குக் கீழே இன்னொரு துளை. நிரம்பி வழிகிற தண்ணீர் அதன் வழியே கிணற்றுப் பக்கம் போகட்டும். மாடிக் குழாய் விழுகிற வாயையும், வழிகிற துளையையும் நைலான் வலையால் இறுக்கிக் கட்டுங்கள். இடைவெளியே இருக்கக் கூடாது.

நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல் கனம். செங்கல் அடுக்கி, ஆட்டம் இல்லாத மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். பிள்ளைகள் பிடித்துத் தொங்குவார்கள்.

முதல் மழையை உள்ளே விடாதீர்கள். மாடியில் கிடக்கும் தூசி, காக்கை எச்சம் எல்லாம் அதில்தான் வரும். சேர்ந்த தண்ணீர் துணி துவைக்க, செடிக்கு, ஒளுவுக்குப் போதும். குடிப்பதானால் வடிகட்டிக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

ஒளு என்றதும் ஒன்று. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளுச் செய்திருக்கிறார்கள். இரண்டு கையையும் சேர்த்து அள்ளினால் கொள்கிற அளவுதான் அது. நாம் குழாயைத் திறந்துவிட்டு எத்தனை முத்து செலவழிக்கிறோம் என்று கீழே ஒரு வாளி வைத்துப் பாருங்கள். நாங்கள் பார்த்தோம், வெட்கமாக இருந்தது.

ஞாயிறு அஸருக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு டிரம்மைப் பொருத்திக் காட்டுகிறோம். ஆண் துணை இல்லாத வீடுகளுக்கு நம் இளைஞர்களே வந்து மாட்டிக் கொடுப்பார்கள், கூலி கிடையாது. கேட்கக் கூச்சப்படுகிற சகோதரிகள் மதரஸா உஸ்தாத் வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டால் போதும்.