திரையில் கண், நாடியில் விரல்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் மயக்க மருந்துத் துறையில் பயிற்சி பெற்றபோது தியேட்டருக்கு ஒரே ஒரு இ.சி.ஜி. மானிட்டர். இதய நோயாளிக்கு மட்டும் மாட்டுவோம். ஒருநாள் ஐந்து வயதுக் குழந்தைக்கு மாறுகண் ஆபரேஷன். "சின்னப் பிள்ளைதானே, இதயத்துக்கு என்ன வரப்போகுது?" என்று மானிட்டரை மாட்டவில்லை. சர்ஜன் கண் தசையை இழுத்தார். என் விரலடியில் நாடி காணோம்! "சார், இழுக்காதீங்க!" என்று கத்தினேன். அவர் விட்டதும் நாடி திரும்பியது. அட்ரோபின் கொடுத்தோம், குழந்தை பிழைத்தது.

கண்ணை இழுத்தால் வேகஸ் நரம்பு இதயத்தை அடக்கும் என்பது 1908-லேயே எழுதப்பட்ட பாடம். ஆனால் அந்தச் சில நொடிகளில் இதயம் நின்றதா, மெதுவானதா, தாளமின்றி வெறுமனே நடுங்குகிறதா என்று விரலுக்குத் தெரியவில்லை. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு அல்லவா?

1848-இல் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது இறந்தாள். ஆரோக்கியமான பெண். காரணம் குறித்து இன்றும் வாதம் நடக்கிறது. ஆகவே, "இவருக்குத் தேவையில்லை" என்று முன்கூட்டிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. 1986-இல் வெளியான ஹார்வர்டு மருத்துவமனைகளின் விதியும் இதுதான்: மயக்கம் தொடங்கியது முதல் முடியும்வரை ஒவ்வொருவருக்கும் இ.சி.ஜி. ஓட வேண்டும்.

தம்பி, தங்கைகளே, இன்னொரு பக்கமும் உண்டு. இ.சி.ஜி. காட்டுவது மின்சாரத்தை, ரத்த ஓட்டத்தை அல்ல. நாடியே இல்லாதபோதும் திரையில் அழகான அலை ஓடலாம். டயதெர்மி போட்டால் அலை கலங்கும். எலெக்ட்ரோடு கழன்றால் நேர்கோடு வரும். நோயாளி நன்றாகவே இருப்பார். தாளம் பார்க்க லீட் இரண்டு, இதயத்துக்கு ரத்தம் குறைவதைப் பார்க்க வி-ஐந்து என்று தெரிந்து மாட்டுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர், ரத்த அழுத்தம், கேப்னோகிராஃப் எல்லாம் கூடவே இருக்கட்டும்.

மானிட்டரை எல்லோருக்கும் மாட்டுங்கள். மாட்டிய பிறகும் விரலை நாடியிலிருந்து எடுக்காதீர்கள். வெளியே காத்திருக்கும் தாய் நம்பியிருப்பது மிஷினை அல்ல, உங்களைத்தான்.