மணலில் எழுதத் தொடங்கியவர்
(ஆண்டுவிழா ஆராதனையில் ஆற்றிய உரை)



இன்று ஒரு ஜேர்மன்காரரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பிள்ளைகளே, நத்தார் காலத்தில் பெஃபர்கூக்கன் சாப்பிடுவீர்கள் அல்லவா? அதற்குப் பேர்போன ஊர் சாக்சனியிலுள்ள புல்ஸ்னிட்ஸ். அங்கே 1682ஆம் ஆண்டு பிறந்தவர்தான் பர்த்தலோமேயு சீகன்பால்க். சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். உடம்பிலும் பலமில்லை, நோயினால் படிப்பும் இடையில் தடைப்பட்டது. அப்படிப்பட்டவர் 23 வயதில் கப்பலேறி, ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கழித்து, 1706 ஜூலை 9ஆம் திகதி தரங்கம்பாடியில் இறங்கினார்.

நாங்கள் அங்கிருந்து இங்கே வந்தோம். அவர் இங்கிருந்து அங்கே போனார். வந்த புதிதில் எங்களுக்கு டொச் எப்படியோ, அவருக்குத் தமிழ் அப்படி. தரங்கம்பாடி அப்போது டேனியரின் கையில் இருந்தது. அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஆனாலும் அங்கிருந்த அதிகாரிகளுக்கு அவர் வந்ததே பிடிக்கவில்லை. புது நாடு, புரியாத மொழி, முகம் கொடுக்காத அலுவலகம். இதை உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அவர் என்ன செய்தார்? ஒரு வயதான தமிழ் வாத்தியாரைத் தேடிப் பிடித்தார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பல்கலைக்கழகம் பார்த்த மனிதர் ஐந்து வயதுப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து படிக்க வெட்கப்படவில்லை. பிள்ளைகளே, உங்கள் அம்மா அப்பா டொச் பேசும்போது பிழை வந்தால் சிரிக்காதீர்கள். அவர்களும் மணலில் எழுதுகிறவர்கள்தான்.

அவரிடம் நான் காண்பது மூன்று காரியங்கள்.

முதலாவது, அன்றாடம் ஒரு பங்கு. அவருடைய நாளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. காலை 7 மணிக்குப் படித்த சொற்களைத் திரும்பப் படிப்பார். 8 மணியிலிருந்து நண்பகல் வரை தமிழ் ஏடுகளை வாசிப்பார். புரியாததை விளக்க ஒரு புலவர் பக்கத்தில் இருப்பார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சற்று ஓய்வு. பிறகு மறுபடியும் வேலை. "இன்றைக்கு மனம் வரவில்லை, நாளைக்குப் பார்ப்போம்" என்று நாங்கள் சொல்கிறோம். மனம் வந்தபின் வேலை தொடங்குவது அரிது. வேலையைத் தொடங்கினால்தான் பல நாட்களில் மனமும் பின்னால் வருகிறது. மன்னா எப்படிக் கிடைத்தது? ஒரு வருடத்துக்குச் சேர்த்து அல்ல, ஒவ்வொரு நாளுக்கும் அளவாகவே கிடைத்தது. பலமும் அப்படித்தான்.

இரண்டாவது, கையில் இருப்பதைக் கொண்டு செய்வது. 1708ஆம் ஆண்டின் முடிவில் டேனிய ஆளுநர் அவரைக் கோட்டைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம். தாளும் மையும் கிடைத்ததும் அங்கேயே எழுத உட்கார்ந்துவிட்டார். பிறகு லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்த கதையைக் கேளுங்கள். வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். 1712இல் இயந்திரம் வந்து சேர்ந்தபோது அதை இயக்க ஆளில்லை. தேடிப் பார்த்தால், கோட்டையில் இருந்த ஒரு படைவீரருக்கு அச்சு வேலை தெரிந்திருந்தது! ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியவை, தாள் போதவில்லை. சீஸ் சுற்றி வந்த ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்த்தார்கள். அந்த எழுத்தில்தான் 1715இல் தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. வீட்டில் சீஸ் உறையைக் குப்பையில் போடும்போது பிள்ளைகள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிலும் ஊரில் ஆசிரியராக இருந்தவர் இங்கே உணவகத்தில் பாத்திரம் கழுவியிருக்கிறார். கணக்காளராக இருந்தவர் இரவு வேலைக்குத் தொழிற்சாலைக்குப் போகிறார். இழந்ததற்காக அழுவது பாவமல்ல. ஆனால் அழுகை ஓய்ந்தபின் ஒரு கேள்வி உண்டு: மிஞ்சியிருக்கும் ஈயம் எது?

மூன்றாவது, ஒருவரும் தனியாக நிற்கவில்லை. வாத்தியார், புலவர், மொழிபெயர்த்தவர், தாள் அனுப்பியவர் என்று எத்தனை கைகள்! 1714இல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூட வந்தார். முந்நூறு வருடங்களுக்கு முன்பே ஹாலே நகரத் தெருவில் ஒரு தமிழர் நடந்திருக்கிறார்! 1716இல் சீகன்பால்கின் தமிழ் இலக்கண நூல் அங்கே அச்சானது. அங்குள்ள ஃபிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. 1719 பெப்ரவரி 23ஆம் திகதி, 36 வயதில் அவர் காலமானார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் புத்தகத்தோடு நின்றது; வேறொருவர் வந்து முடித்தார். எல்லாவற்றையும் நானே முடிக்கவேண்டும் என்று இரண்டு வேலை, மூன்று வேலை என ஓடுகிறவர்களே, ஓய்வுநாளைக் கட்டளையாகத் தந்தவர் கடவுள். களைத்துப் படுத்த எலியாவுக்கு அவர் முதலில் தந்தது அப்பமும் தண்ணீரும் நித்திரையும்தான், பிரயாணம் பிறகுதான்.

ஆகவே வரும் கிழமைக்கு மூன்று சிறிய வேலைகள். பிள்ளைகளே, தினமும் ஒரு வரி தமிழில் எழுதி அம்மம்மாவுக்கோ தாத்தாவுக்கோ அனுப்புங்கள். பிழை இருந்தால் பரவாயில்லை. பெரியவர்களே, சில ஞாயிறுகளாக ஆராதனைக்கு வராத ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்காமல், "சாப்பிட்டீர்களா" என்று கேளுங்கள். இந்த நாட்டில் நீண்டகாலம் இருப்பவர்களே, புதிதாக வந்த ஒருவருக்கு ஒரு கடிதத்தை வாசித்துக் கொடுங்கள், ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அன்று தரங்கம்பாடியில் அந்த வயதான வாத்தியார் ஓர் அந்நியனுக்குச் செய்ததும் இதுதான்.

கர்த்தர் உங்கள் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.